பூசைக்கும் அணையாத பெட்டி

எவாஞ்சலினுக்கு நெய்வேலியில் ஒரு வருஷமாக ஒரு பட்டப்பெயர் இருந்தது. பிளக்கு புடுங்கி. மெயின் பஜாரில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது, பட்டப்பெயர் தெரியும். "யாரு, அந்த பிளக்கு புடுங்குன பொண்ணா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு ஆதார் கார்டை நீட்டுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுத்துத் தருவாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அப்பா தைரியநாதன் சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டார்கள். வேலை தேடிச் சென்னைக்குப் போகாமல், டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள கிளினிக், மருந்துக் கடை, லாரி நிறுக்கும் எடைமேடை என்று எல்லா இடத்துக் கணினிகளையும் பராமரிக்கும் வேலையை எவாஞ்சலின் தானாகவே உண்டாக்கிக்கொண்டாள். ஸ்கூட்டியில் அவள் போகாத தெரு கிடையாது. போன வருஷத்து ஆயுத பூசை அன்று அது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவன் உலை வைத்தான்.

அவன் பெயர் விஜயராஜ். முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் உள்ள எடைமேடைக்கு மேனேஜர். எடைமேடையும் அதை ஒட்டிய லாரி யார்டும் கம்மாபுரத்துக்காரர் கொளஞ்சிநாதனுடையவை. விஜயராஜ் அவருடைய மனைவியின் தம்பி. மேனேஜர் ஆவதற்கு அந்த ஒரு தகுதியே அங்கே போதுமானதாக இருந்தது.

அன்று காலை எடை போடும் ஹரிணிக்குக் கோலம் போடுகிற வேலை, டிரைவர்களுக்கு லாரி கழுவுகிற வேலை. "உனக்குத்தான் இந்தப் பூசை இல்லையே, நீ கொஞ்ச நேரம் மெஷின்ல உக்காரு" என்று விஜயராஜ் எவாஞ்சலினைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவளும் உட்கார்ந்தாள். பூசைக்கு முன்பாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய முதலாளியின் லாரிகள் சில அவசரமாக எடை ஏறி வெளியே போயின. வேலை முடிந்ததும் கணினிப் பெட்டியை ஓடுகிற நிலையில் விஜயராஜிடம் ஒப்படைத்து, "பூசைக்கு முன்னாடி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

சாயங்காலம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பின்னால் டிரைவர்கள் பொரி மெல்லும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. "ஏம்மா, ஷட்டவுன் பண்ணத் தெரியாம பிளக்கைப் புடுங்கிட்டுப் போயிட்டியே, இன்னைக்குப் போட்ட எடை மொத்தமும் அழிஞ்சி போச்சி. டிஸ்க்கே போச்சாம். பூசையோட அருமை தெரிஞ்சவங்களா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத." யாரோ சிரித்தார்கள். அவள் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான்.

லாரிக்காரன் வாயில் விழுந்த செய்தி டவுன்ஷிப்பைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும்? கிளினிக்கில் வேண்டாம் என்றார்கள். மருந்துக் கடையில் வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்றார்கள். பிளக்கைப் பிடுங்குகிறவளை நம்பிக் கணினியை யார் விடுவார்கள்? அந்தச் சாம்பல் லோடுகள் எங்கே போயின என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எடையே இல்லாத லோடைப் பற்றி என்ன கேட்பது?

எவாஞ்சலின் கேட்டாள், தனக்குள்ளே, தினமும். விஜயராஜ்தான் அந்த லோடுகளைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டு எடைக் கணக்கை அழித்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் துளியும் இல்லை. காட்ட ஆதாரம்தான் இல்லை. டிஸ்க்கை மாற்றியாயிற்று, கடலூரிலிருந்து மெக்கானிக் வந்து புது டிஸ்க் போட்டுவிட்டுப் போனான் என்று விஜயராஜ் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். பழைய டிஸ்க் போனால் பழைய உண்மையும் போனது மாதிரிதான். "விட்டுத் தொலைடி, ஆண்டவர் பாத்துப்பாரு" என்றாள் அம்மா ஜெயசெல்வி. "அவரு பாக்கட்டும். நானும் பாக்கறேன்" என்றாள் எவாஞ்சலின். மாதா கோயிலில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்ச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

இந்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் பஜாரில் பொரியும் பூசணிக்காயும் வாங்க வந்த ஹரிணி, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்க பொட்டி இன்னும் ஓடிகினுதான் கீது. நாளையோட அதுக்கு விடுதலை. பூசைக்கு ஆஃப் பண்ணிட்டு, விஜயதசமி அன்னைக்குப் புதுசு வைக்கிறாங்களாம்."

"ஓடிகிட்டு இருக்கா? நடுவுல ஆஃப் பண்ணவே இல்லையா?"

"எங்க ஆஃப் பண்ண வுடறாரு? கடலூர் மெக்கானிக்கு சொல்லிட்டுப் போனாராம், ஒரு தடவ அணைச்சா திரும்ப எழுந்திரிக்காதுன்னு. சுவிட்சு மேல டேப்பு சுத்தி வெச்சிகிறாரு. தொட்டா திட்டுறாரு."

"அந்த மெக்கானிக்க நீ பாத்தியா?"

ஹரிணி யோசித்தாள். "நான் பாக்கல. யாருமே பாக்கலயே அக்கா."

எவாஞ்சலின் கையில் இருந்த தாள் கட்டை அப்படியே மேசையில் வைத்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, சிரித்தும்விட்டாள். அணைத்தால் குட்டு வெளிப்படும் என்று பயந்து, பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்யை வைத்த அந்த மடையன், அந்த இரண்டாவது பொய்யால் ஒரு வருஷமாக அவளுடைய சாட்சியைப் பாதுகாத்து வைத்திருக்கிறான்.

அந்தப் பெட்டியில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதில் புரோக் என்று ஒரு கோப்புறை உண்டு. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் அந்தக் கோப்புறை அதில் இருக்காது. உள்ளே உள்ள கோப்புகளின் அளவைக் கேட்டால் பூஜ்யம் என்று வரும். ஆனால் திறந்தால் எழுத்து இருக்கும். நாம் திறக்கிற அந்த நிமிஷத்தில் மெஷின் தன்னைப் பற்றித் தானே எழுதித் தருகிற பதில் அது. என்ன பிராசசர், எவ்வளவு மெமரி, கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாம் சொல்லும். எழுந்த நேரத்தை யாராலும் திருத்த முடியாது. அணைத்தால் மட்டும் அழிந்துவிடும், அடுத்த தடவை எழும்போது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். நாளைக்குப் பூசையில் அணைத்துவிட்டால் எவாஞ்சலின் ஆயுசுக்கும் பிளக்கு புடுங்கிதான்.

அன்று வீட்டில் அவள் சாப்பிட்ட சாப்பாடு என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தேதியைக் காட்டினால் போதுமா? கொளஞ்சிநாதன் நல்ல மனுஷன்தான், ஆனால் மனைவியின் தம்பியா, வெளியாளா என்று வந்தால் திரையில் தெரிகிற ஒரு தேதிக்கு அவரிடம் என்ன மதிப்பு இருக்கும்? வேறு ஒன்றும் வேண்டும். அது என்ன என்று யோசித்துக் கண்டுபிடித்த பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவள் யார்டுக்குள் நுழைந்தபோது லாரிகள் எல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக நின்றன. விஜயராஜ் வாசலிலேயே மறித்தான்.

"நீ எதுக்கு வந்த?"

"பூசைக்கு வந்தேன்" என்றாள் எவாஞ்சலின்.

ஆயுத பூசை அன்று வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எந்த யார்டிலும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், விஜயராஜுக்கும் தெரியும். உள்ளேயிருந்து கொளஞ்சிநாதன் எட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. "வாம்மா. வந்தவள ஏன்டா நிக்க வெச்சிப் பேசிகினு கீற? உள்ள வுடு" என்றார்.

எடை ரூமுக்குள் பூசைக்குப் படையல் தயாராக இருந்தது. சுவரோரம் வயதான டிரைவர் வெள்ளைச்சாமியும் மற்ற டிரைவர்களும் நின்றார்கள். மேசைக்கு அடியில் அவளுடைய பெட்டி, அவள் ஒட்டிய மாதா ஸ்டிக்கரோடு, தூசி அப்பிப்போய் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம் இருமல் மாதிரி இருந்தது. அழுவதற்கு எவாஞ்சலின் வரவில்லை.

"பூசைக்கு வெக்கிற மெஷின் இவ்ளோ தூசியா இருக்கே ஐயா, துடைச்சிடறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். கரண்ட் போனாலும் அணையாமல் தாங்கும் யூபிஎஸ்ஸையும் பெட்டியையும் மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துத் துணியால் துடைத்தாள். பிறகு ஹரிணியிடம், "இன்னைக்குக் காலைல கடைசியா போட்ட எடையக் காட்டு" என்றாள். ஹரிணி காட்டினாள். முதலாளியின் சொந்த லாரி, வெள்ளைச்சாமி ஓட்டியது. எடையை வெள்ளைச்சாமி உரக்கப் படித்தார். "ஆமா, நம்ம லோடுதான்" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். போன வருஷம் நான் பிளக்கைப் புடுங்கினதுல டிஸ்க் போயி, மெக்கானிக் வந்து புதுசு போட்டாருன்னு அண்ணன் சொன்னாருல்ல?"

"ஆமா. அத ஏம்மா இப்ப?"

"இந்த மெஷின் கடைசியா எப்ப எழுந்துச்சுன்னு அதையே கேக்கலாமா?"

"பூசை நேரத்துல என்னா இது?" என்றான் விஜயராஜ். "மாமா, நல்ல நேரம் போயிடும்."

"கேக்கட்டும்டா. நேரம் கீது."

அவள் புரோக்கைத் திறந்து கேட்டாள். நீளமாக ஒரு எண் வந்தது. எழுந்ததிலிருந்து ஓடிய வினாடிகள். அதைத் தேதியாக மாற்றச் சொன்னாள். வந்த தேதியை அவள் படிக்கவில்லை. நகர்ந்துகொண்டு அவரையே படிக்கச் சொன்னாள்.

கொளஞ்சிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். போன வருஷத்து ஆவணி மாதத் தேதி ஒன்று. படித்துவிட்டு நிமிர்ந்தவர், மறுபடியும் குனிந்து படித்தார். "இது நம்ம பொண்ணு சண்முகப்பிரியா நிச்சயதார்த்தம் அன்னைக்குத் தேதியாச்சே."

"ஆமாங்க ஐயா. அன்னைக்குக் காலைலதான் இந்த யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தினேன். நீங்க எனக்குத் தாம்பூலப் பை குடுத்து அனுப்பினீங்க. அன்னைக்கு ஆன் பண்ண மெஷின். அதுக்கப்புறம் அணையவே இல்லையாம். போன பூசைக்கும் அணையல. பிளக்கைப் புடுங்கியிருந்தா அணைஞ்சிருக்கணும். டிஸ்க்கை மாத்தியிருந்தாலும் அணைஞ்சிருக்கணும். ஓடிகிட்டு இருக்கற லாரில இஞ்சின மாத்த முடியுமா ஐயா?"

லாரிக்காரருக்கு லாரியில் சொன்னால்தான் புரியும். கொளஞ்சிநாதன் மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

"மாமா, அவ படிச்சவ, எதையாவது தட்டி ஒரு தேதிய வரவெச்சிக் காட்டுறா. நமக்கு இன்னா தெரியும்?" என்றான் விஜயராஜ். சிரிக்கவும் முயற்சி செய்தான்.

"மாத்திக் காட்டறேன், பாருங்க" என்றாள் எவாஞ்சலின். அந்தக் கோப்பில் வேறு எண்ணை எழுதச் சொன்னாள். மெஷின் மறுத்தது. நிர்வாகி உரிமையோடு நுழைந்து மறுபடி எழுதச் சொன்னாள். கடவுச்சொல் அவள் போன வருஷம் வைத்ததுதான், மாற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மெஷின் அப்போதும் மறுத்தது. "எடையை அழிக்கலாம் ஐயா, இத அழிக்க முடியாது. இது எங்கயும் எழுதி வெச்சது இல்ல, கேக்கக் கேக்க மெஷினே சொல்றது. ஒரே வழிதான் இருக்கு. பிளக்கைப் புடுங்கணும். புடுங்கினா இந்தத் தேதி போயிடும், அப்புறம் யாராலும் கொண்டுவர முடியாது."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்னது முதலாளியைப் பார்த்து, ஆனால் சொன்னது முதலாளிக்கு இல்லை. சொல்லிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, யூபிஎஸ்ஸுக்கும் விஜயராஜுக்கும் நடுவே இருந்த இடத்தைக் காலி செய்து வைத்தாள். மாதாவே, இந்தப் பழைய டிஸ்க் இன்னும் ஒரே ஒரு தடவை தாங்கட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். பழிவாங்கப் போகிற இடத்தில் மாதாவைக் கூப்பிடலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை.

"நல்ல நேரம் போயிகினு கீது, இவ என்னமோ கதை சொல்லிகினு கீறா" என்று விஜயராஜ் முன்னால் வந்தான். "பூசைக்கு எல்லாத்தையும் அணைக்கணும்." குனிந்தான். யூபிஎஸ்ஸிலிருந்து வயரைச் சரக்கென்று உருவினான்.

திரை கறுத்தது. ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. ரூமுக்குள் ஊதுவத்தி வாசனை மட்டும் இருந்தது. விஜயராஜ் வயரைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்ப்பதற்காகவே ஒரு வருஷம் காத்திருக்கலாம் என்று எவாஞ்சலினுக்குத் தோன்றியது.

"போச்சா?" என்றார் கொளஞ்சிநாதன்.

"தேதி போச்சு ஐயா" என்றாள் எவாஞ்சலின். "அந்த வயர குடுங்கண்ணே."

அவன் கையிலிருந்து அதை வாங்கி மறுபடி செருகினாள். சுவிட்சின் மேல் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் கிழித்துவிட்டு அழுத்தினாள். பெட்டி இருமியது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, ஓர் இடத்தில் நின்றன, நின்றுகொண்டே இருந்தன. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. டிஸ்க் சரிபார்த்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் வேர்த்தது. பிறகு எழுத்துகள் மறுபடி ஓடத் தொடங்கின, எடை போடும் திரை வந்தது.

"ஹரிணி, இன்னைக்குக் காலைல கடைசியா போட்ட எடையக் காட்டு."

ஹரிணி காட்டினாள். வெள்ளைச்சாமி படித்தார். அதே லாரி, அதே எடை. அதற்கு முன்னால் போட்டவை, நேற்றைக்குப் போட்டவை, எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இப்ப பிளக்கைப் புடுங்கினது யாருன்னு எல்லாரும் பாத்தீங்க" என்றாள் எவாஞ்சலின். "எடை எங்கயும் போகல. போன வருஷத்து பூசை அன்னைக்குப் போட்டதக் கொஞ்சம் காட்டு ஹரிணி."

அந்த ஒரு நாள் மட்டும் காலியாக இருந்தது.

சுவரோரமாக நின்ற வெள்ளைச்சாமிதான் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அப்ப பிளக்கு புடுங்கி யாருப்பா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். போன வருஷம் போனில் கேட்ட அதே சிரிப்பு. எவாஞ்சலினுக்கு அது இனித்தது. பாவமாக இருக்கிறதா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். இல்லை.

கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை. "அன்னைக்குப் போன லோடெல்லாம் எங்கடா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. விஜயராஜ் படையலில் இருந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உங்கக்கா மொகத்துக்காவ இன்னைக்கு வுடறேன். பூசை முடியட்டும். வூட்டுல வெச்சிப் பேசிக்கலாம்" என்று அவரே சொன்னார். பிறகு ஹரிணியிடம், "அந்த மெஷின ஆஃப் பண்ணாத. ஓடிகினு கெடக்கட்டும், அப்படியே பொட்டு வெய்யி" என்றார். ஓடுகிற மெஷினுக்கு அந்த யார்டில் பொட்டு வைத்தது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து பொரியும் சுண்டலும் எவாஞ்சலின் கைக்கு வந்தன. வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கொளஞ்சிநாதன் வாசல் வரை வந்தார்.

"தப்பு என் மேலயும் கீதும்மா. ஒரு வார்த்த உன்னக் கூப்ட்டுக் கேட்டிருக்கணும். பழையபடி நீயே வந்து பாத்துக்க. புது மெஷினும் உன் பொறுப்பு."

"வரேங்க ஐயா. ஆனா அண்ணன் எனக்கு போன் பண்ணிக் கூப்பிடணும்."

"நான்தான் சொல்றேனே."

"நீங்க சொன்னது சந்தோஷம் ஐயா. போன வருஷம் அவருதானே போன் பண்ணாரு? ஸ்பீக்கர்ல போட்டாரு, டிரைவருங்க எல்லாம் கேட்டாங்க. அதே மாதிரி பண்ணணும். நான் ரோட்டுலதான் நிப்பேன்."

கொளஞ்சிநாதன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார்.

அவள் சாலையோரம் ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு பொரியைத் தின்றாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?"

"போட்டுகீறேன்."

"எல்லாரும் இருக்காங்களா?"

"கீறாங்க." விஜயராஜ் வாய்க்குள்ளேயே சொன்னான், "போன வருஷம் பிளக்க நீ புடுங்கல. எடைய அழிச்சது நான்தான். நீ வேலைக்கு வா."

எவாஞ்சலின் இன்னொரு பிடி பொரியை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஒண்ணும் கேக்கலண்ணே, உங்க பக்கம் ஒரே லாரிச் சத்தம். இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க."

பூசைக்குப் பிறகு அந்த யார்டில் ஒரு லாரியும் ஓடவில்லை.